மிசியின் வசனங்கள்

மிசி அந்தக் கொப்பியை மேசையில் வைத்தபோது அதன் மட்டையில் தேத்தண்ணீர்க் கோப்பையின் அடி பதிந்த வட்டம் ஒன்று இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாவிக்கும் கோடு போட்ட கொப்பி. உள்ளே முழுக்கப் பென்சில் எழுத்து. அழித்தழித்து எழுதியதில் சில இடங்களில் தாள் மெலிந்து, மறுபக்கத்து எழுத்துத் தெரிந்தது. நான் என் பங்கைக் கணினியில் அடித்து, இரண்டு பிரதி எடுத்து, கண்ணாடி உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தேன். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. டொக்டர் முதலில் கையில் எடுத்தது கொப்பியை. இரண்டாம் பக்கத்தில் அவர் சிரிக்கத் தொடங்கினார். கேலிச் சிரிப்பில்லை, நெடுநாள் தேடிய ஒரு சாமான் வீட்டுக்குள்ளேயே அகப்பட்டால் வரும் சிரிப்பு. "மிசி, இதைத்தான் நான் தேடினனான்" என்றார். என் உறை திறக்கப்படாமல் அப்படியே கிடந்தது. பொறாமை என்ற சொல்லை அன்று நான் எனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை. தமிழைப் பற்றிய கவலை என்று சொல்லிக்கொண்டேன்.

டொக்டர் என்னிடம் ஆங்கிலம் படித்த பிள்ளை. அப்போது மருத்துவ பீடத்தில் விரிவுரையாளராகிவிட்டார். வெளிநாடொன்றில் ஆக்கப்பட்ட ஒரு வினாக்கொத்தை யாழ்ப்பாணத்துச் சனத்துக்குப் பொருந்தும்படி தமிழில் கொண்டுவர விரும்பினார். சுகாதார எழுத்தறிவு பற்றிய வினாக்கொத்து அது. ஒருவருக்கு எழுத வாசிக்கத் தெரியுமா என்று கேட்பதல்ல. டொக்டர் சொல்வதை விளங்கவும், மருந்துத் துண்டில் எழுதியபடி மருந்து எடுக்கவும், எதை நம்பலாம் எதை விடலாம் என்று தீர்மானிக்கவும் அவரால் முடிகிறதா என்று அளப்பது. அதற்கு ஒரு முறை இருந்தது. இரண்டு பேர் ஒருவருக்கொருவர் காட்டாமல் தனித்தனியே தமிழாக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து ஒன்றாக்க வேண்டும். அந்த ஒன்றை, மூலத்தைக் கண்ணாலும் காணாத இன்னொருவர் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவார். மூலத்தோடு ஒப்பிட்ட பிறகு, நோயாளர் சிலரிடம் வாசித்துக் காட்டி விளங்குகிறதா என்று பார்ப்பார்கள். கடைசியாகப் பெருந்தொகையான சனத்திடம் கேட்டு, அவர்களில் சிலரிடம் இரண்டு கிழமை கழித்து மறுபடியும் கேட்டு, விடைகள் ஆடாமல் நிற்கின்றனவா என்று பார்ப்பார்கள். இத்தனையும் தாண்டினால்தான் கேள்விகளை நம்பலாம்.

முதலாவது மொழிபெயர்ப்பாளராக என்னைக் கேட்டபோது எனக்கு வியப்பில்லை. நல்லூர்ப் பக்கத்தில் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு எதையாவது கொண்டுவர வேண்டுமென்றால் சனம் என் வீட்டுப் படலையைத்தான் தட்டும். மெதடிஸ்த குடும்பம் எங்களுடையது. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர். சாப்பாட்டு மேசையில் நாங்கள் ஆங்கிலத்தில் பிழை விட்டால் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பார். சரியாகச் சொல்லும் வரைக்கும் கரண்டி எழும்பாது. தமிழிலும் அப்படித்தான். இரண்டாவது ஆளாக டொக்டர் மிசியைச் சொன்னபோது, மரியாதைக்காக ஒரு பெயரைச் சேர்க்கிறார் என்றே நினைத்தேன். மிசி வடக்குக் கரையில் கப்பலோட்டிய குடும்பத்தில் பிறந்தவர். சண்டையில் இடம்பெயர்ந்து, அரியாலையில் கலியாணம் முடித்து, ஆஸ்பத்திரித் தாதியாகவே முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவர்; தாதிமாரை எங்கள் சனம் மிசி என்றுதான் கூப்பிடும். அவருடைய ஆங்கிலம் நோயாளரின் கட்டில் தலைமாட்டில் தொங்கும் அட்டைகளை வாசித்துப் பழகிய ஆங்கிலம்.

அவரை எனக்கு அதற்கு முன்பே தெரியும். அதை இங்கே சொல்லாமல் விட்டால் நான் எழுதுவதெல்லாம் பாதிப் பொய்யாகிவிடும். என் அம்மா கடைசியாகப் படுத்திருந்தது மிசி வேலை செய்த வார்ட்டில். நான் ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் முடிந்து நேரே போய்விடுவேன். அம்மாவிடம் நோகுதா என்று கேட்டால் "இல்லைப் பிள்ளை" என்பார். ஒரு பின்னேரம் மிசி என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, அம்மாவுக்கு விலாவின் கீழே நாலைந்து மாதமாக நோவிருக்கிறது என்றும், சாப்பாட்டை யன்னலுக்கு வெளியே காகத்துக்குப் போடுகிறார் என்றும் சொன்னார். நாலைந்து மாதம். ஒரே வீட்டில் இருந்த எனக்குத் தெரியாதது, மூன்று நாள் பழகிய இவருக்குத் தெரிந்திருந்தது. அம்மாவிடம் ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். அம்மா களைத்த முகத்தோடு சிரித்தார். "உன்னட்டைச் சொன்னா நீ என்ரை வசனத்தைத் திருத்துவாய். அவ சும்மா கேட்டுக்கொண்டிருக்கிறா" என்றார். அம்மா போய்ப் பல வருடமாகிவிட்டது. மிசி நல்லவர், அம்மாவைக் கண்போலப் பார்த்தவர் என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொன்ன ஒவ்வொரு தடவையும் நெஞ்சுக்குள் ஒரு முள் அசைந்தது.

அந்தக் கொப்பிக்கு வருகிறேன். டொக்டரைச் சிரிக்க வைத்த கேள்வி, உடல்நலம் பற்றி வெளியில் கேள்விப்படுகிறவற்றை எடைபோடுவது குறித்தது. நான் இப்படி எழுதியிருந்தேன்: "உடல்நலம் தொடர்பாக ஊடகங்களில் வெளிவரும் தகவல்களின் நம்பகத்தன்மையை மதிப்பிடுவது உங்களுக்கு எவ்வளவு இலகுவானது?" மிசி எழுதியிருந்தது: "வருத்தங்களைப் பற்றி ரீவியிலையும் போனிலையும் வாற கதையளிலை எது உண்மை எது பொய் எண்டு பிடிக்கிறது உங்களுக்கு லேசோ, கஷ்டமோ?" பக்கம் முழுக்க அப்படித்தான். நோய் என்று நான் எழுதிய இடத்திலெல்லாம் வருத்தம். மாத்திரை என்ற இடத்தில் குளிசை. நீரிழிவு என்ற இடத்தில் சீனி வருத்தம். இன்னொரு வைத்தியரிடமும் ஆலோசனை கேட்பது பற்றிய கேள்விக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பும் இருந்தது: "சனம் இதுக்குப் பயப்பிடும். டொக்டருக்குக் கோவம் வரும் எண்டு நினைக்கும்." ஒரு மொழிபெயர்ப்பில் இப்படிக் குறிப்பு எழுதலாம் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

இரண்டையும் ஒன்றாக்கும் கூட்டத்துக்கு மிசியால் வர முடியவில்லை. கிளினிக்கில் ஆள் குறைவு. "ரீச்சர், நீங்களே பாத்துச் செய்யுங்கோ, பேந்து மிசிக்கும் காட்டுவம்" என்றார் டொக்டர். நான் கொப்பியை வீட்டுக்குக் கொண்டுபோய், ஒரு சனிக்கிழமை காலை முழுக்க இருந்து செய்தேன். என்ன செய்தேன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். மிசியின் வசனங்களில் மூன்றை மட்டும், அவையும் சின்னவை, எடுத்துக்கொண்டேன். மிச்சம் எல்லாவற்றையும் சிவப்பு மையில் கோடிட்டு வெட்டி, நேரே "பேச்சு வழக்கு, எழுத்துக்குப் பொருந்தாது" என்று எழுதினேன். அது முழுப் பொய்யில்லை. அதனால்தான் அதை அவ்வளவு இலேசாக எழுத முடிந்தது. சில வசனங்களை வாசித்தபோது, இது என்னுடையதை விட நல்லது என்று மனம் சொன்னது. அப்படிச் சொன்ன இடங்களில் கோட்டை இன்னும் அழுத்தமாகப் போட்டேன். கொப்பியைத் திருப்பிக் கொடுத்து, ஒன்றாக்கிய பிரதியை மிசிக்குக் காட்டியபோது அவர் நின்றபடியே பக்கங்களைப் புரட்டிவிட்டு, "ரீச்சருக்குத் தெரியாததோ" என்று திருப்பித் தந்தார். அதில் குத்தல் இருந்ததா என்று அன்று முழுக்க யோசித்தேன். இல்லை என்றுதான் பட்டது. இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

திரும்ப ஆங்கிலமாக்கும் வேலையைக் கொழும்பிலிருந்த ஒருவர் செய்தார். அவர் அனுப்பியதை டொக்டர் மூலத்தோடு வைத்து வாசித்தார். சொல்லுக்குச் சொல் பொருந்தியது. "அப்படியே திரும்பி வந்திருக்கு, ரீச்சர்!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அன்று நன்றாகச் சாப்பிட்டேன். அது ஏன் அப்படித் திரும்பி வந்தது என்று நான் அப்போது யோசிக்கவில்லை. என் வசனங்கள் ஆங்கிலத்தை விட்டுப் போகவே இல்லை. தமிழ்ச் சட்டை போட்டுக்கொண்டு அங்கேயே நின்றன. திரும்பிப் போக அவற்றுக்குத் தூரம் அதிகமில்லை.

நோயாளரிடம் வாசித்துக் காட்டுவதற்காக மிசியும் நானும் வடக்குக் கரையில் ஒரு கிராமத்துக் கிளினிக்குக்குப் போனோம். நான் வாசிப்பது, மிசி பக்கத்தில் இருந்து பதிலளிப்பவர் எப்படி விளங்கிக்கொள்கிறார் என்று விசாரிப்பது என்று ஏற்பாடு. முதலாவதாக வந்து இருந்தவர் எழுபது வயதிருக்கும் ஓர் அம்மா. கடற்காற்றில் காய்ந்த முகம். மடியில் ஒரு சொப்பிங் பை. அதற்குள் கிளினிக் கொப்பியும் குளிசைகளும். நான் தெளிவாக, நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் அவர் தலையை ஆட்டி, "ஓம் பிள்ளை, லேசு தான்" என்றார். எவ்வளவு இலகு என்று கேட்டேன். "நல்ல லேசு." நான் "மிகவும் இலகு" என்ற கட்டத்தில் புள்ளடி போட்டுக்கொண்டே போனேன். வேலை இவ்வளவு கெதியாக முடிகிறதே என்று மகிழ்ச்சியாகக் கூட இருந்தது.

முடிந்ததும் மிசி தன் கதிரையை அவருக்குக் கிட்ட இழுத்துப் போட்டார். "அம்மா, இப்ப ரீச்சர் நம்பகத்தன்மை எண்டு ஒண்டு கேட்டாவெல்லோ. அவ என்ன கேட்டவ எண்டு உங்கடை வாயாலை எனக்கு ஒருக்காச் சொல்லுங்கோ பாப்பம்" என்றார்.

அந்த அம்மா என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி மிசியிடம் சொன்னார்: "நான் நம்பிக்கையான ஆளோ எண்டு கேக்கிறா. நான் ஒருத்தரையும் ஏமாத்தினதில்லைப் பிள்ளை. குளிசையை வாங்கி வேறை ஆருக்கும் குடுத்ததுமில்லை. கொப்பியை வெட்டிப் போடாதையுங்கோ."

அதாவது, அவர் ஒரு விசாரணைக்கு மறுமொழி சொல்லிக்கொண்டிருந்தார். பிழையாகச் சொன்னால் கிளினிக் கொப்பியைப் பறித்துவிடுவோம் என்று பயந்து, எல்லாவற்றுக்கும் லேசு என்று சொல்லியிருந்தார். மிசி சிரிக்கவில்லை. அவருடைய முழங்காலில் கையை வைத்து, "ஆர் வெட்டப்போகினம்? நாங்கள் கேள்வியைத்தான் சோதிக்கிறம், உங்களை இல்லை" என்றார். பிறகு தன் பாட்டில், கொப்பியில் எழுதியிருந்த வசனங்களாலேயே கேட்கத் தொடங்கினார். அவற்றை அவர் மனப்பாடமாக வைத்திருந்தார்.

"துண்டிலை எழுதின மாதிரிக் குளிசை போடுறது லேசோ, கஷ்டமோ?"

"லேசு தான். ரண்டு துண்டிலையும் இருக்கிறதைப் போடுறன்."

"எந்த ரண்டு துண்டு?"

அம்மா பையைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். ஒன்று பழையது, மடித்து மடித்துக் கிழியும் நிலையில். மற்றது புதியது. இரண்டிலும் பிறசருக்கான, அதாவது இரத்த அழுத்தத்துக்கான, குளிசைகள். முதலாவதை நிறுத்தி இரண்டாவதைக் கொடுத்திருந்தார்கள். இவர் இரண்டையும் போட்டுக்கொண்டிருந்தார்.

மிசி துண்டுகளிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். "காலமை எழும்பேக்கை தலை சுத்துதோ?"

"ஓம். போன கிழமை கிணத்தடியிலை விழுந்திட்டன். உனக்கு ஆர் சொன்னது?"

மிசி அவரைக் கையில் பிடித்து எழுப்பி, வரிசையைத் தாண்டி உள்ளே வைத்தியரிடம் கூட்டிப்போனார். நான் அந்த மேசையில் தனியே இருந்தேன். எனக்கு முன்னால் இருந்த தாளில் எல்லாப் புள்ளடியும் ஒரே நிரையில் இறங்கியிருந்தது. அதன்படி அந்தக் கிராமத்திலேயே தன் சுகத்தைப் பற்றி ஆகக் கூடிய விளக்கமுள்ள ஆள் அந்த அம்மாதான். ஒரு மனிசி செத்திருக்கக்கூடும் என்ற நினைப்புத்தான் எனக்கு முதலில் வந்திருக்க வேண்டும். வந்ததென்னவோ வேறு. உள்ளே போகும்போது அந்த அம்மா மிசியின் தோளில் சாய்ந்த விதத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் அம்மாவும் அப்படித்தான் சாய்ந்திருப்பார் என்று நினைத்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை கிடைத்தது. மிசி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். உரும்பிராய் தாண்டும்வரை அவர் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "உங்கடை தமிழ் வடிவு, ரீச்சர். வாசிக்க ஆசையாக்கிடக்கு" என்றார். மனதாரத்தான் சொன்னார். நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த கூட்டத்தில் டொக்டர் தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு கேட்டார். "மிசியின்ரை வசனங்கள் விளங்குது, எங்கடை கடைசிப் பிரதி விளங்கேல்லை. முதலே ஏன் அதுகளைச் சேர்க்கேல்லை, ரீச்சர்?" மிசி அதே அறையில், கதவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். சிவப்பு மையில் நான் எழுதியதெல்லாம் அவருடைய கொப்பியில் இருந்தது. கொப்பி அவருடைய பையில் இருந்தது. நான், "ரண்டும் கிட்டத்தட்ட ஒண்டு தான், டொக்டர். நடையிலைதான் வித்தியாசம்" என்றேன். மிசி கொப்பியை எடுத்துக் காட்டவில்லை. "சரி, திரும்பச் செய்வம்" என்றார் டொக்டர்.

திரும்பச் செய்தோம். இம்முறை மிசி பக்கத்தில் இருந்தார். அவருடைய வசனங்களை எடுத்து, வவுனியாவிலோ மட்டக்களப்பிலோ வாசிப்பவருக்கும் இடறாதபடி எழுத்து வடிவத்தைச் சீராக்குவது என் வேலையாயிற்று. நானும் வேலை செய்தேன் என்பதை மறுக்கவில்லை. ஆனால் கேட்டவுடன் சனம் நிமிர்ந்து பார்த்து, யோசித்து, "அது கொஞ்சம் கஷ்டம்தான்" என்று உண்மையைச் சொன்ன கேள்விகள் மிசியுடையவை. பெரிய தொகையில் கேட்டபோதும், இரண்டு கிழமை கழித்துக் கேட்டபோதும் விடைகள் நின்றன. டொக்டர் கட்டுரை எழுதினார். அச்சுக்குப் போகுமுன், ஆங்கிலம் சரியா என்று பார்க்க எனக்கு அனுப்பினார். மொழிபெயர்ப்பு என்ற இடத்தில் என் பெயர் மட்டும் இருந்தது. கடைசிப் பக்கத்தில் "களத்தில் உதவிய சுகாதார ஊழியர்கள் அனைவருக்கும்" நன்றி. டொக்டர் அவசரத்தில் விட்டிருப்பார். ஒரு வரி எழுதியிருந்தால் மாற்றியிருப்பார். நான் இரண்டு காற்புள்ளிகளைத் திருத்தி, ஒரு வினைச்சொல்லை மாற்றி, திருப்பி அனுப்பினேன்.

அச்சில் வந்த பிரதியை மிசி கிளினிக்கில் வைத்துப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "இதிலை என்ரை பேர் எங்கை, ரீச்சர்?" என்று கேட்டார். நான் கடைசி வரியைத் தொட்டுக் காட்டினேன். அவர் அதை மெல்ல வாசித்தார். "ஓ. அனைவருக்கும் எண்டதுக்குள்ளை நானும் நிக்கிறன்" என்று சொல்லிவிட்டு, வெளியே காத்திருந்தவர்களின் பெயரைக் கூப்பிடத் தொடங்கினார்.

அதன் பிறகு சில வருடங்கள் போயின. மிசி ஓய்வுபெற்றார். வினாக்கொத்து வேறு மாவட்டங்களுக்கும் போனது. அண்மையில் இளம் வைத்தியர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் ஒரு பயிற்சிப் பட்டறை வைத்தார்கள். என்னை அழைத்து மேடையில் இருத்தினார்கள். ஓர் இளம் வைத்தியர் ஒலிவாங்கியைப் பிடித்து, "மொழிபெயர்ப்பு எண்டா இப்பிடி இருக்கவேணும்" என்று சொல்லி ஒரு கேள்வியை வாசித்தார். எது உண்மை எது பொய் என்று பிடிப்பது பற்றிய கேள்வி. மண்டபம் கைதட்டியது. எழும்பிக் கும்பிடச் சொன்னார்கள். கும்பிட்டேன். நான் இவ்வளவு காலம் விரும்பியது இதைத்தான். ஆனால் கிடைத்தபோதும் பொறாமை போகவில்லை. அந்த வசனம் எனக்கு வந்திருக்காது என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். பொன்னாடையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். டொக்டருக்கு நடந்ததை முழுக்க எழுதினேன். சிவப்பு மையைப் பற்றியும் எழுதினேன். கட்டுரை வந்த சஞ்சிகைக்கும், இரண்டாவது மொழிபெயர்ப்பாளரின் பெயர் விடுபட்டிருப்பதாக எழுதினேன். டொக்டர் தொலைபேசியில் கூப்பிட்டார். "நானும் கேட்டிருக்கவேணும், ரீச்சர்" என்றார். சில மாதங்களில் திருத்தம் வெளியானது.

அதை அச்செடுத்துக்கொண்டு அரியாலைக்குப் போனேன். மிசியின் வீட்டு முற்றத்தில் இரண்டு சைக்கிள்கள் நின்றன. உள்ளே ஒரு பெண்ணின் கிளினிக் கொப்பியைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்றும் ஓயவில்லை. என் முறை வரும்வரை வாசல் கதிரையில் இருந்தேன். அவர் வந்ததும் தாளைக் கொடுத்து, என்னால்தான் பெயர் வராமல் போனது, நான் வேண்டுமென்றுதான் விட்டேன் என்று சொன்னேன். சொல்வதற்கு எத்தனையோ வசனம் யோசித்து வைத்திருந்தேன். அவற்றில் ஒன்றையும் பாவிக்கவில்லை.

"எனக்குத் தெரியும்தானே, ரீச்சர்" என்றார் மிசி. தாளைத் தள்ளிப் பிடித்து வாசித்தார். அவருடைய நெற்றி சுருங்கியது. "இது என்ரை ஐயாவின்ரை எழுத்தில்லையே" என்றார். பெயருக்கு முன்னால் வர வேண்டிய தகப்பனின் முதலெழுத்துப் பிழையாக இருந்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், எனக்குள் ஏதோ சந்தோஷப்பட்டது. இந்த வயதிலும், இவ்வளவுக்குப் பிறகும். மறுகணம்தான் விளங்கியது. சஞ்சிகைக்கு அந்த எழுத்தைக் கொடுத்தது நான். இத்தனை வருடம் பழகியும் அவருடைய தகப்பனின் பெயர் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரியும் என்று நினைத்து எழுதியிருந்தேன்.

"சொல்லுங்கோ மிசி, திரும்ப எழுதி அனுப்புறன்" என்றேன். கைப்பையில் பேனாவைத் தேடி எடுத்தேன். அவர் தகப்பனின் பெயரைச் சொன்னார். எந்தத் துறையில் பிறந்தவர், எந்த நாட்டுக்கெல்லாம் பாய் விரித்துப் போனவர் என்பதையும் சொன்னார். கடிதத்துக்கு வேண்டியது ஓர் எழுத்துத்தான். நான் எல்லாவற்றையும் எழுதினேன். பாதியில் வாசலில் யாரோ "மிசி நிக்கிறாவோ?" என்று கூப்பிட்டார்கள். "இருங்கோ ரீச்சர், வாறன்" என்று எழும்பிப் போனார். வந்த பெண் அவருடைய காதோடு எதையோ சொல்லத் தொடங்கினாள். என்னவென்று எனக்குக் கேட்கவில்லை. நான் பேனாவை மூடாமல் காத்திருந்தேன்.